அம்மாவின் ஒன்பது பல்லும் பாய் கடைக் கம்பிக்கறியும்

அம்மாவின் வாயில் மிச்சமிருந்தவை ஒன்பது பற்கள். அந்த ஒன்பதையும் வருகிற திங்கட்கிழமை பிடுங்கிவிட வேண்டும் என்று பல் டாக்டர் சொன்னபோது, அம்மா வலிக்குமா என்று கேட்கவில்லை. செலவு என்னாகும் என்றும் கேட்கவில்லை.

"அதுக்குள்ள ஒரு தடவ கறி தின்னுக்கலாமா?" என்று கேட்டாள்.

டாக்டர் சின்னப் பெண். படித்து முடித்து வந்து இரண்டு வருடம்கூட ஆகியிருக்காது. "தாராளமா சாப்பிடுங்கம்மா" என்று சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. விரலை மடக்கி நாள் எண்ணிக்கொண்டிருந்தாள்.

"தீபாவளி கழிச்சு வரட்டுமா டாக்டர்?"

"வேணாம்மா. இப்பத்தான் உங்க சுகர் அடங்கியிருக்கு. தீபாவளிக்கு அதிரசம் தின்னு அதை ஏத்திக்கிட்டு வருவீங்க. ஈறு முழுக்கச் சீழ். திங்கக்கிழமையே எடுத்துடுவோம்."

அம்மாவுக்குத் தெரியும், இந்தப் பெண்ணிடம் பாச்சா பலிக்காது. எழுந்து வந்துவிட்டாள். சிக்கல் பல்லில் இல்லை, மாதத்தில் இருந்தது. அது புரட்டாசி மாதம்.

நாங்கள் அரியலூர். கல்லங்குறிச்சிப் பெருமாளுக்குக் கட்டுப்பட்ட குடும்பம். ஒரு காலத்தில் விளைந்ததில் ஒரு மரக்கால் கோயிலுக்கு அளந்த பிறகுதான் வீட்டுக்குள் மூட்டை வருமாம். நிலம் போய்விட்டது, மரக்கால் போய்விட்டது, புரட்டாசி மட்டும் போகமாட்டேன் என்று எங்களோடு டவுனுக்குக் குடிவந்துவிட்டது. மாதம் பிறந்த அன்றைக்கே கறி சமைக்கும் சட்டி பரணில் ஏறிவிடும். முட்டை வைக்கும் தட்டு ஃபிரிட்ஜிலிருந்து கழற்றப்பட்டு, கழுவப்பட்டு, ஏதோ குற்றவாளி போலத் தனியாக வைக்கப்படும். சனிக்கிழமைதோறும் பெருமாளுக்குத் தளிகைப் படையல். நான் ஒரு அலுவலகத்தில் கிளார்க். மற்ற மாதங்களில் டிபன் பாக்ஸில் முட்டை கொண்டுபோகிறவள், இந்த ஒரு மாதம் புளிசாதம் தின்றே புளித்துப்போய் வீடு திரும்புவேன்.

இந்த ஒழுங்கை எங்கள் தெருவில் காப்பாற்றி வருகிறவர் என் சித்தப்பா, அப்பாவுக்கு நேர் இளையவர். அப்பா போய்ச் சேர்ந்த பிறகு குடும்பத்தின் பக்தி மொத்தமும் அவர் தலையில் இறங்கிவிட்டது. புரட்டாசி ஒன்றாம் தேதி துளசி மாலை போடுவார். நெற்றி முழுக்க நாமம். சனிக்கிழமை விடிந்தால் சொம்பைத் தூக்கிக்கொண்டு "கோவிந்தா" என்று வீடு வீடாக வருவார். போன வருடம் என் மகன் பேக்கரியில் முட்டை பப்ஸ் தின்றதை யாரோ போட்டுக்கொடுத்துவிட, என் வீட்டு வாசலில் நின்று அரை மணி நேரம் உபன்யாசம் பண்ணினார். பப்ஸுக்குள் இருந்தது அரை முட்டை. அவர் முழுக் கோழிக்கான பாவத்தை எங்கள் தலையில் ஏற்றிவிட்டுத்தான் போனார்.

டாக்டர் வீட்டிலிருந்து ஸ்கூட்டியில் திரும்பும்போது அம்மா என் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து பெருமாளோடு பேரம் பேசிக்கொண்டே வந்தாள்.

"திருப்பதிக்குப் போறவங்க முடியத்தான குடுக்குறாங்க? அது மூணு மாசத்துல மொளச்சுடும். நான் பல்லையே குடுக்குறேன். அதுவும் ஒம்போது. ஒரு நா கறிக்கு இது போதாதா?"

"பல்ல பெருமாளுக்கா குடுக்குற? டாக்டருக்குல்ல குடுக்குற."

"யாருகிட்ட குடுத்தா என்னடி, போறது என் வாயிலேருந்துதான? எனக்கு எத்தன பல்லு இருக்குன்னு அவருக்குத் தெரியாதா?"

அன்றைக்கு வியாழக்கிழமை. சனிக்கிழமை இல்லை என்பதால் பாதிப் பாவம்தான் என்றும் அவளே தீர்ப்பு எழுதிவிட்டாள். சரி, என்ன கறி வேண்டும், நாட்டுக்கோழியா, எங்காவது ரகசியமாக வாங்கிவந்து கதவைச் சாத்திக்கொண்டு வைத்துத் தருகிறேன் என்றேன். அவள் ஒரே வார்த்தையில் முடித்தாள். பாய் கடைக் கம்பிக்கறி.

பாய் கடை இருப்பது பெரம்பலூரில், பழைய பஸ் ஸ்டாண்டிலிருந்து கொஞ்ச தூரத்தில். பெயருக்குத் தள்ளுவண்டி. அதைத் தள்ளி எத்தனையோ வருடமாயிற்று. சக்கரம் நான்கும் பாதிவரை மண்ணுக்குள் இறங்கி வேர் விடாத குறை. மேலே தகரம், முன்னால் நீளமான கரி அடுப்பு, அதன்மேல் வரிசையாகக் கம்பிகள். மசாலா தடவிய ஆட்டுக்கறித் துண்டுகளைக் கம்பியில் கோத்து, இரண்டு கறிக்கு நடுவே ஒரு கொழுப்பு என்று வைத்து, கருவேலங்கரியில் வாட்டித் தருவார்கள். இப்போது நிற்கும் பாய்க்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். அவருடைய அத்தா, அதாவது அப்பா, ஆரம்பித்த கடை அது. மசாலா அரைப்பதும் கறி கோப்பதும் வீட்டுப் பெண்கள். சுடுவது பாயும் அவர் தம்பியும்.

அந்தக் கடைக்கு ஒரு சட்டம் உண்டு. கம்பி கடையை விட்டு வெளியே போகாது. பாயின் அத்தாவுக்கு முதலில் வாடகை சைக்கிள் கடைதான் தொழில். உடைந்த சக்கரத்துக் கம்பிகளைத் தீட்டித்தான் முதன்முதலில் கறியைச் சுட்டாராம். வீட்டுக்குக் கம்பியோடு வாங்கிப்போன மகராசன்கள் கறியைத் தின்றுவிட்டு, கம்பியைத் திருப்பித் தராமல் கோழிக்கூண்டுக்கும் கொடிக்கும் கட்டிவிட்டார்கள். கம்பி தீர்ந்துபோய், நன்றாக ஓடிக்கொண்டிருந்த வாடகை சைக்கிளிலிருந்தே ஒவ்வொன்றாகக் கழற்றி, கடைசியில் சைக்கிள் கடையே கறிக்கடைக்குள் போய்விட்டது என்று சொல்வார்கள். இப்போது கடையில் இருப்பது நல்ல எஃகுக் கம்பிகள்தான். சட்டம் மட்டும் அப்படியே நிற்கிறது. பார்சல் என்றால் கறியைக் கம்பியிலிருந்து உருவி, வாழையிலையில் வைத்து, பேப்பரில் மடித்துக் கொடுத்துவிடுவார்கள்.

இதனால் என்ன ஆனதென்றால், ஆம்பளைகள் கம்பிக்கறி தின்றார்கள். பொம்பளைகள் பார்சல் தின்றோம். பெண்கள் அங்கே நின்று தின்னக் கூடாது என்று யாரும் போர்டு எழுதி மாட்டவில்லை. மாட்ட வேண்டிய அவசியமே வரவில்லை. என் வீட்டுக்காரர் பெரம்பலூரில் வேலை பார்த்த வருடங்களில் வாரம் ஒரு பார்சல் வரும். முப்பது கிலோமீட்டர் பைக்கின் பெட்டிக்குள் வேர்த்து, ஆறி, கொழுப்பு வெள்ளையாய் உறைந்து, இலையோடு ஒட்டிக்கொண்டு வரும் அந்தக் கறியை நானும் அம்மாவும் சப்புக்கொட்டித் தின்போம். பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுக்காரர், "சூடா கம்பியோட தின்னு பாத்திருக்கணும் நீங்க, இதெல்லாம் ஒண்ணுமே இல்ல" என்பார். அந்த ஆளை அப்போதே நாலு சாத்து சாத்தியிருக்க வேண்டும்.

"பார்சல் வேணாம்" என்றாள் அம்மா. "நானே போயி கம்பியில கடிச்சுத் தின்னணும்."

"ரோட்டுல நின்னுக்கிட்டா?"

"பல்லு இருக்குற வரைக்கும் நின்னு தின்னுக்குறேன். அப்புறம் காலம் பூரா ஒக்காந்து கஞ்சி குடிச்சுக்குறேன்."

வெள்ளிக்கிழமை பாய் கடை லீவு. சனிக்கிழமையை நினைத்துப் பார்க்கவே கூடாது. ஞாயிற்றுக்கிழமை தெரிந்த முகம் ஏதாவது வந்து நிற்கும். ஆக, அன்றைக்கே போய்விடுவது என்று முடிவானது. அம்மா வீட்டுக்குள் போய், புரட்டாசிக்காகத் தானும் போட்டிருந்த துளசி மாலையைக் கழற்றிப் பெருமாள் படத்தில் மாட்டினாள். "ரெண்டு மணி நேரம் பாத்துக்க, வந்து வாங்கிக்குறேன்" என்று சொன்னது எனக்குக் கேட்டது. செருப்புக் கடையில் பையை ஒப்படைக்கிறவள்கூட இதைவிட மரியாதையாகச் சொல்லுவாள். பிறகு பீரோவைக் குடைந்து, கொரோனா காலத்து மாஸ்க் ஒன்றைக் கண்டுபிடித்துப் போட்டுக்கொண்டாள். கண் மட்டும் தெரிந்தது. வங்கியில் புகுந்து கொள்ளையடிக்கப் போகிற மாதிரி இருந்தாள். சுண்ணாம்புக்கல் லாரிகளுக்கு நடுவே, தூசியைத் தின்றுகொண்டு, நாங்கள் ஒரு மாவட்டத்திலிருந்து இன்னொரு மாவட்டத்துக்குக் கறி தின்னப் போனோம்.

போய்ச் சேரும்போது வெயில் இறங்கி, மழை வருகிற மாதிரி மூடிக்கொண்டிருந்தது. அடுப்பைச் சுற்றி ஏழெட்டு ஆம்பளைகள். எங்களைப் பார்த்ததும் எல்லோரும் ஒரு நொடி மெல்லுவதை நிறுத்தினார்கள். பாய் மட்டும் நிறுத்தவில்லை. விசிறியால் கரியை விசிறிக்கொண்டே, "வாங்கம்மா, அரியலூரா?" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "எப்படி பாய் தெரியும்?"

"பொரட்டாசில்ல? இந்த மாசம் பெரம்பலூர்க்காரங்கல்லாம் கறி திங்க அரியலூர் போயிடுவாங்க. அரியலூர்க்காரங்கல்லாம் இங்க வந்துடுவாங்க. எங்களுக்கு யாவாரம் ஒண்ணும் கொறையாது, மூஞ்சிதான் மாறும்."

சுற்றி நின்ற ஏழெட்டுப் பேரும் ஒருவரையொருவர் பார்க்காமல் தங்கள் தங்கள் கம்பியைப் பார்த்தார்கள். அத்தனை பேரும் எங்கள் ஊர்தான் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒளிந்து தின்பதற்காக முப்பது கிலோமீட்டர் வந்து, நேராக எங்கள் ஊரின் நடுவிலேயே போய் நின்றிருக்கிறோம்.

"முதல்ல அம்மாவுக்கு ஒரு கம்பி போடுங்க பாய். எனக்கு அப்புறம்" என்று சொல்லிவிட்டு, அம்மாவை ஓரமாகக் கூட்டிக்கொண்டு போனேன். அந்த ஓரத்தில் ஏற்கனவே ஒருவர் சுவர்ப்பக்கம் திரும்பி நின்று தின்றுகொண்டிருந்தார். தலையில் ஹெல்மெட். கழற்றாமல், கண்ணாடியை மட்டும் மேலே தூக்கிவிட்டுக்கொண்டு, அந்தச் சந்துக்குள் கம்பியைப் பக்குவமாக நுழைத்துக் கடித்துக்கொண்டிருந்தார். எங்கள் ஊரில் போலீஸ் நிற்கும் இடத்தில்கூட ஹெல்மெட் போடாதவர்கள்தான் அதிகம். கறி தின்னப் போட்டவரை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அம்மா என் கையைக் கிள்ளினாள்.

"அந்தத் தாடையப் பாரு. மெல்லும்போது வலது பக்கமா இழுக்குது பாரு. ஒங்கப்பன் வூட்டுத் தாடைடி அது."

நான் உற்றுப் பார்த்தேன். சட்டைக் காலருக்குள்ளிருந்து துளசி மாலையின் ஒரு மணி எட்டிப் பார்த்தது.

அம்மா அவர் பக்கத்தில் போய் நின்றாள். குரலைத் தாழ்த்தவுமில்லை, உயர்த்தவுமில்லை. "தம்பி, கண்ணாடிய இன்னும் கொஞ்சம் நல்லா தூக்கிவுட்டுக்கிட்டுத் தின்னுங்க. கொழுப்பு ஒட்டுனா போவாது."

சித்தப்பாவின் கம்பி பாதி வழியில் நின்றது. "அண்ணி!" என்றார். ஹெல்மெட்டுக்குள் குரல் குடத்துக்குள்ளிருந்து வருவது போல வந்தது. "நீங்க எங்க இங்க?"

"நீங்க எதுக்கு வந்தீங்களோ அதுக்குத்தான்."

"நான் வண்டிய சர்வீசுக்கு வுடலாம்னு…"

"வண்டிக்கா கம்பிக்கறி?"

நான் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் போன வருடத்து உபன்யாசம் இன்னும் காதிலேயே இருந்தது. "சித்தப்பா, முட்டை பப்ஸுல அரை முட்டதான் வைக்கிறாங்க, தெரியும்ல?" என்றேன். அவர் ஹெல்மெட்டைக் கழற்றினார். நெற்றியில் நாமம் வேர்வையில் கரைந்து மூக்குவரை வந்திருந்தது. அந்தக் கோலத்தில் அவரைப் பார்க்க எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று சொல்லி முடியாது. பெருமாள் இருக்கிறார் என்று அந்தக் கணத்தில் முழுமனதாக நம்பினேன்.

அம்மா அவரிடம் திங்கட்கிழமை விஷயத்தைச் சொன்னாள். சித்தப்பா முகம் மாறிவிட்டது. ஓடிப்போய் கடையில் இருந்த ஒரே பிளாஸ்டிக் ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டார். "ஒக்காருங்க அண்ணி" என்றார். அம்மா உட்காரவில்லை. நின்றுதான் தின்பேன் என்றாள்.

கம்பி வந்தது. கறி ஓரமெல்லாம் கருகி, நடுவில் பளபளவென்று, கொழுப்பு இன்னும் சுர்ரென்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. அம்மா மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கினாள். ஆம்பளைகள் செய்வதை இத்தனை வருடம் எங்கிருந்து பார்த்தாளோ தெரியவில்லை, கம்பியைப் படுக்கவைத்துப் பிடித்து, முதல் துண்டைப் பக்கவாட்டில் கவ்வி இழுத்தாள். கண்ணை மூடி மென்றாள். எனக்குப் பெருமையாக இருந்தது. போனில் ஒரு படம்கூட எடுத்தேன்.

இரண்டாவது துண்டு. மூன்றாவது துண்டு. ஒவ்வொரு துண்டுக்கும் பிறகு மாஸ்க்கை உயர்த்தி வாயைத் துடைத்துக்கொண்டாள். மூன்றாவது தடவை துடைத்தபோதுதான் நான் கவனித்தேன். மாஸ்க் கனத்துத் தொங்கியது. அதற்குள் மூன்று துண்டுக் கறியும் நசுங்கிக் கிடந்தன. ஒன்றுகூட உள்ளே போகவில்லை.

"என்னம்மா இது?"

"கத்தாத."

"தின்னவே இல்லையா நீ?"

அம்மா அடுப்பைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "மேல நாலு இருக்கு, கீழ அஞ்சு இருக்கு. ஒண்ணும் ஒண்ணோட ஒட்டமாட்டேங்குதுடி. மேல இருக்குற எடத்துல கீழ இல்ல. கீழ இருக்குற எடத்துல மேல இல்ல."

"எத்தன நாளா?"

"ரெண்டு வருசமா."

இரண்டு வருடமாக, ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மா தன் தட்டிலிருக்கும் கறியை என் தட்டுக்குத் தள்ளிவிடுவாள். "எனக்குப் போதும், நீ தின்னு" என்பாள். நானும் தின்றேன். வெறுமனே தின்னவில்லை, உருகிக்கொண்டே தின்றேன். அலுவலகத்தில் பக்கத்து சீட்டுக்காரியிடம் என் அம்மாவைப் போல உண்டா என்று சொல்லியிருக்கிறேன். அன்னையர் தினத்துக்கு, தான் தின்னாமல் பிள்ளைக்கு ஊட்டும் தாய் என்று ஒரு ஸ்டேட்டஸ் வேறு வைத்தேன், பூவெல்லாம் போட்டு. அது தியாகம் இல்லை. பல் இல்லை. அவ்வளவுதான்.

"ஏன் சொல்லல?"

"சொன்னா என்ன பண்ணுவ? மிக்சியில போட்டு அரைப்ப. கொழைய வச்சு கரண்டியில குடுப்ப. வூட்டுல இருக்குற எல்லாரும் என் வாயவே பாத்துக்கிட்டு ஒக்காந்திருப்பீங்க. எனக்கு வேணாம்டி அது."

எனக்கு அழுகையும் வந்தது, கோபமும் வந்தது. கோபம்தான் எனக்குப் பழக்கம் என்பதால் அதையே பட்டேன். "அப்புறம் எதுக்கு இவ்வளவு தூரம் இழுத்துக்கிட்டு வந்த?" என்று ரோட்டில் நின்று கத்தினேன். என் மேல்தான் கோபம். இரண்டு வருடம் ஒன்றாக உட்கார்ந்து தின்றவள், எதிரே இருப்பவளின் வாய் அசையவில்லை என்பதைப் பார்க்காமல், என் வாயை மட்டும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

பாய் விசிறியைக் கீழே வைத்துவிட்டு வந்தார். அவர் முதல் துண்டிலேயே பார்த்துவிட்டிருந்தார். நாள் முழுக்க அடுத்தவர் மெல்லுவதைப் பார்ப்பதுதானே அவர் பிழைப்பு.

"அம்மா, முதுகெலும்பு உள்பக்கத்துக் கறி கொஞ்சம் இருக்கு. பஞ்சு மாதிரி இருக்கும். நகம் மாதிரி சீவி வாட்டித் தரட்டுமா?"

"வேணாம் தம்பி" என்றாள் அம்மா. "எனக்குன்னு தனியா ஒண்ணும் செய்யாதீங்க. இவங்களுக்கெல்லாம் குடுக்குறதையே குடுங்க. கடிக்க முடிஞ்சா கடிக்கிறேன். இல்லாட்டி போவுது."

பாய் வற்புறுத்தவில்லை. கொஞ்சம் யோசித்தார். "எங்க அத்தாவுக்கும் கடைசில இப்படித்தான். சீவிக் குடுத்தா கம்பிய என் மேலயே எறிவாரு. அவரு ஒண்ணு பண்ணுவாரு. மெல்லவே மாட்டாரு. நல்லா நாக்கால தேடிப் பாருங்க, எங்கயாச்சும் ஒரு எடத்துல மேலயும் கீழயும் சந்திக்கும். அங்க வச்சுக் கடிச்சுப் புடிச்சுக்கிட்டு சும்மா இருங்க. சாறு எறங்கும். சூட்டுல நாரு தானா வுட்டுக் குடுக்கும். அப்புறம் மெல்ல மெல்ல அழுத்துங்க."

அம்மா வாயை மூடிக்கொண்டு நாக்கால் துழாவினாள். கன்னம் அங்கங்கே புடைத்து அடங்கியது. இடது பக்கம், கடைசியில் நின்றது. தலையை ஆட்டினாள். பாய் அடுப்பிலிருந்து புதுக் கம்பி ஒன்றை எடுத்தார். எல்லோருக்கும் போடும் அதே கறி. அம்மா அதில் ஒரு துண்டை விரலால் உருவி, ஊதி, இடது கடைவாயில் வைத்துக் கடித்தாள். அப்படியே நின்றாள்.

எல்லோரும் நின்றார்கள். எங்கள் ஊர்க்காரர்கள் ஏழெட்டுப் பேரும் தங்கள் கறியை மறந்து அம்மாவின் கன்னத்தையே பார்த்தார்கள். எதை அவள் வேண்டாம் என்றாளோ அதுதான் நடந்துகொண்டிருந்தது, ஆனால் அவள் கவனிக்கவில்லை. சித்தப்பா ஹெல்மெட்டை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார். அம்மாவின் மோவாயில் சாறு வழிந்தது. துடைக்கப் போன என் கையைத் தட்டிவிட்டாள். தாடை ஒரு முறை அழுந்தியது. நின்றது. மறுபடி அழுந்தியது. நெற்றியில் வேர்த்துவிட்டது. வலிக்கிறது என்று தெரிந்தது. போதும்மா, துப்பிடு என்று வாய்வரை வந்தது, சொல்லவில்லை. இரண்டு மூன்று மழைத்துளி கரியில் விழுந்து புஸ்ஸென்று ஆவியாயின. யாரும் நகரவில்லை.

கடைசியில் அவள் தொண்டை ஏறி இறங்கியது.

"கோவிந்தா!" என்றார் சித்தப்பா. வாயில் வந்துவிட்டது, பாவம், மாதப் பழக்கம். பாய் சிரித்துக்கொண்டே "மாஷா அல்லா" என்றார். ஆளாளுக்குச் சிரித்தார்கள். யாரோ ஒருவர் கைகூடத் தட்டினார். அம்மாவும் சிரிக்கத்தான் போனாள். பாதியில் முகம் மாறியது. வாய்க்குள் விரலை விட்டு எதையோ எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள்.

இடது கடைவாய்ப் பல். மஞ்சளாய், வேரோடு, நான் நினைத்ததைவிட நீளமாக இருந்தது.

சிரிப்பு நின்றுவிட்டது. பாயின் தம்பி ஒரு சொம்பில் உப்புத்தண்ணீர் கரைத்து ஓடிவந்தார். அம்மா சாக்கடை ஓரம் போய்க் கொப்பளித்தாள். ரத்தம் கொஞ்சம்தான். நிமிர்ந்தவள், பல்லைக் கழுவி என் கையில் வைத்தாள்.

"ஒம்போதுல ஒண்ணு வேலைய முடிச்சுட்டு வந்துடுச்சு. மிச்சம் எட்டையும் திங்கக்கெழம புடுங்கச் சொல்லு."

பல்லைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டேன். இப்போதுதான் ஸ்டூலில் உட்கார்ந்தாள் அம்மா. "பாய், இவளுக்கு ரெண்டு கம்பி போடுங்க. நல்ல சூடா" என்றாள்.

"எனக்கு வேணாம்மா."

"ஏன், ஒனக்கும் பல்லு இல்லையா?"

கம்பி வந்தது. அத்தனை ஆம்பளைகளுக்கு நடுவே, ரோட்டில் நின்றுகொண்டு, நான் முதல் துண்டைக் கவ்வி இழுத்தேன். அது பார்சல் கறியே இல்லை. வேறு ஏதோ. கோபம் வருகிற அளவுக்கு நன்றாக இருந்தது. கருகின ஓரம் முறிந்து, உள்ளே சாறு இறங்கி, கொழுப்பு நாக்கில் கரைந்தது. அழுகையை அடக்க வேகவேகமாகக் கடித்தேன், அடங்கவில்லை. மசாலாக் கையால் கண்ணைத் துடைத்ததில் அது வேறு எரிந்தது.

அம்மா ஸ்டூலில் உட்கார்ந்து என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். என் தாடை அசையும்போதெல்லாம் அவளுடைய தாடையும் லேசாக அசைந்தது.

"மெதுவா மெல்லுடி" என்றாள். "பல்லு இருக்குங்குற திமிருல முழுங்காத."